பெங்களூரில் ஐ.டி. வேலை போய் ஊருக்குத் திரும்பினால் முதலில் செய்ய வேண்டியவை

அலுவலக லேப்டாப்பை ஒப்படைப்பதற்கு முன்பே சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், ஃபார்ம் 16 (வரிப் பிடித்தச் சான்று) எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். கணக்கை முடக்கிய பிறகு ஹெச்.ஆர். பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ரிலீவிங் லெட்டரில் (பணி விடுவிப்புக் கடிதத்தில்) கடைசி வேலை நாள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 5 ஆண்டு முடித்தவர்கள் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

பலர் கோட்டை விடுவது பி.எஃப். கணக்கில்தான். யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் பொது எண்) தளத்தில் விலகிய தேதி பதிவாகாவிட்டால், அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததுபோலத் தெரியும். பழைய நிறுவனம் பதியவில்லையா? கடைசித் தொகை வரவான 2 மாதம் கழித்து, 'மேனேஜ்' பகுதியில் உள்ள 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் கையில் இருக்க வேண்டும்.

குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால் தனிப் பாலிசிக்கு மாற்ற உடனே விண்ணப்பியுங்கள்.

ரெஸ்யூமில் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மட்டும் போட்டால் பெங்களூர் ஆட்கள் தூரம் என்று ஒதுக்கக்கூடும். 'பெங்களூரில் உடனே சேரத் தயார்' என்று மேலேயே எழுதுங்கள். ஓசூரில் தங்கினால் எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரலாம், வாடகையும் குறையும். ஓசூர் தொழிற்சாலைகளின் எஸ்.ஏ.பி. (நிறுவன நிர்வாக மென்பொருள்), நெட்வொர்க் வேலைகளையும் தேடுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லி, பயிற்சிக்கு, லேப்டாப்புக்கு என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.