முழங்கால் வலி: ஊசித் துளை வழியே கிடைத்த நிம்மதி

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவர நான் மூன்று இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. மூட்டுத் தேய்மானம், வயது 58. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. மூட்டில் போட்ட ஊசி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

சென்னையில் ஒரு மருத்துவர் விளக்கினார்: தேய்ந்த மூட்டின் உட்சவ்வு அழற்சியால் வீங்கும்போது தேவையற்ற மெல்லிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, கூடவே வலி நரம்புகளும். அந்தக் குழாய்களை நுண்துகள்களால் அடைத்தால் அழற்சி தணியும். ஜெனிகுலார் ஆர்ட்டரி எம்போலைசேஷன் என்று பெயர். ஜப்பானிய மருத்துவர் யூஜி ஒகுனோ முழங்காலுக்குச் செய்துகாட்டிய முறை.

தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். திரையில் என் இரத்தக் குழாய்கள் வேர்போல் விரிந்தன. முழங்காலின் உட்பக்கம் மட்டும் மை சிந்தியதுபோல் கருத்திருந்தது. “வலி இங்கேதானே அம்மா?” என்று அவர் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடம் யாருக்கும் காட்ட முடியாத வலி! துகள்கள் போனதும் அந்தக் கறை மறைந்தது. மாலையே அனுப்பிவிட்டார்கள்.

தோலில் சிவந்த திட்டு வந்து, தானே மறைந்தது. ஐந்தாவது வாரத்தில்தான் வலி குறைந்தது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது; தேய்மானம் முற்றியவர்களுக்குப் பலன் குறைவு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொடைத் தசைப் பயிற்சியை நான் இன்றும் விடவில்லை. சென்ற பிரதோஷத்தன்று பிரகாரத்தை எங்கும் உட்காராமல் சுற்றினேன்.