கரன்ட் போனதும் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள்

2024 ஜூலையில் பெரில் சூறாவளி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைக் கடந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரன்ட் போனது, சில இடங்களில் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வெக்கையில் எல்லோரும் செய்யும் தப்பு, பால் என்ன ஆச்சோ மாவு என்ன ஆச்சோ என்று ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பதுதான். மூடியே இருந்தால் 4 மணி நேரம் வரை உணவு கெடாது. நிறைந்த ஃப்ரீசர் என்றால் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24.

அதனால் புயல் வருகிறது என்றதுமே தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசரில் இருக்கிற இடத்திலெல்லாம் அடுக்கிவிடுங்கள், உருகினால் குடிக்கவும் ஆகும். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயம் வையுங்கள். வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறியையும் மீனையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், மோந்து பார்த்து முடிவு செய்யவே வேண்டாம்.

ஜெனரேட்டரை மட்டும் தயவுசெய்து கராஜுக்குள் ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும் விஷவாயு, அதற்கு வாசனையே கிடையாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள்.