பங்குனி ஆமையும் கரும்பூசணமும்: ஒப்பிடும் முறை

கடலாமையையும் இலைமேல் வாழும் பூஞ்சையையும் ஒப்பிடச் சொன்னால், ‘அது பெரிது, இது சிறிது, அது நகரும், இது நகராது’ என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அதில் உயிரியல் இல்லை. ‘உணவு எப்படி? இனப்பெருக்கம் எப்படி?’ என்று ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்க வேண்டும்.

சென்னையில் தை முதல் பங்குனி வரை இதற்கு ஏற்ற காலம். பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். அதே நாட்களில் பூத்த மாமரங்களில் தத்துப்பூச்சி பெருகி, அது கழிக்கும் இனிப்புத் திரவத்தின்மேல் கரும்பூசணம் என்ற கறுப்புப் பூஞ்சை படரும்.

கரி அப்பியதுபோல் இருக்கும் மாவிலையை ஈரவிரலால் தேயுங்கள். கறுப்பு வழிந்து வந்து அடியில் பச்சை தெரிந்தால் கரும்பூசணம். வராமல் வட்டவட்டமாக ஒட்டியிருந்தால், இலைக்குள் உறிஞ்சும் இழையைச் செலுத்தி வாழும் வேறு பூஞ்சையாக இருக்கலாம். அதை எடுத்தால் ‘உணவு’ பற்றிய பதிலே மாறிவிடும். இலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும், ஈரத்தில் டேப் ஒட்டாது. 2 செ.மீ. செலோடேப்பை அழுத்தி எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர்மேல் வைத்து, நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸில் தொடங்கி 40-க்குப் போங்கள். குறுக்குச் சுவர்களுடன் பழுப்பு இழைகள் தெரியும். வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் படலம் தடிமன். அதன் ஓரத்தில் இன்னொரு முறை டேப் எடுங்கள்.

ஆமைக்குப் படம் போதும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. ஆமையையோ முட்டையையோ தொடாதீர்கள். இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டவே வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள ஓட்டுத் தகடுகளை எண்ணுங்கள். பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு 4. பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் 6 அல்லது கூடுதல். ஒரு பக்கம் 6, மறுபக்கம் 7 என்று வந்தால் அப்படியே எழுதுங்கள், ‘திருத்த’ வேண்டாம்.

இப்போது அட்டவணை. அதில் மூன்றாவது நெடுவரிசையாக மாவிலையையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் கணிப்பில் ஒப்பீட்டுக்கு உயிர் கொடுப்பதே இந்த நெடுவரிசைதான். இலை தன் உணவைத் தானே செய்து மாவுச்சத்தாகச் சேர்க்கிறது. ஆமையும் பூஞ்சையும் பிற உயிர் தந்ததைத் தின்று கிளைக்கோஜனாகச் சேர்க்கின்றன. ஆமை நண்டை விழுங்கி உள்ளே செரிக்கும். பூஞ்சை நொதியை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சும். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், அந்த நண்டின் ஓட்டில் உள்ள அதே பொருள். ஆக, பூஞ்சை உட்கார்ந்திருக்கும் இலையைவிடக் கடலில் நீந்தும் ஆமைதான் அதற்கு நெருங்கிய உறவு.

இனப்பெருக்கத்துக்கு இரண்டு வரி போதும்: ஆமைக்கு ஒரு குழியில் சுமார் 100 முட்டை, பொரிய 45 முதல் 60 நாள், மணல் சூடேறினால் பெண் குஞ்சு கூடும், பூஞ்சைக்குக் காற்றும் மழைத்துளியும் கொண்டுபோகும் வித்துகள்.

கரும்பூசணத்துக்கு நேரே ‘ஒட்டுண்ணி’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அது இலையிலிருந்து எதையும் எடுப்பதில்லை, வெயிலைத்தான் மறைக்கிறது.