ஒப்பிப்பதிலிருந்து வாசிப்புக்கு: தொடக்க வகுப்புகளில் செய்ய வேண்டியவை

வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கப் படிக்கும்போது, யாருக்கு வாசிக்க வரவில்லை என்பதே தெரியாது. காதால் கேட்டு மனப்பாடம் செய்த குழந்தையும் விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டு சரியாகச் சொல்லிவிடும். அதனால் முதல் வேலை, ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்பது.

ஒரு தாளில் 10 எழுத்து, 10 சொல், பாடநூலில் இல்லாத 4 வாக்கியங்கள் எழுதுங்கள். படம் வேண்டாம், படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு 2 நிமிடம் போதும். நாளுக்கு 6 பேர் என்றால் 30 பேரை 5 நாளில் கேட்டுவிடலாம். சொற்களில் மூன்றுக்கு மேல் தவறினால் அங்கேயே நிறுத்துங்கள். மதிப்பெண் போடாமல், எந்த எழுத்தில் தடுக்கியது என்று மட்டும் குறியுங்கள். பிறகு எழுத்து, சொல், பத்தி என மூன்று குழுவாக்கி, தினமும் 30 நிமிடம் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி கொடுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி கேட்டுக் குழுவை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கடைசிக் குழு என்பது அந்தக் குழந்தையின் பெயராகவே ஒட்டிக்கொள்ளும்.

247 எழுத்தையும் அட்டவணையாக முடித்த பிறகே சொல்லுக்குப் போவதுதான் அதிக நாட்களை விழுங்குகிறது. ட, ப, ம, புள்ளி இவை போதும்: படம், மடம், பட்டம், மட்டம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாமா, பாப்பா. இகரக் குறி வந்தால் படி, மாடி, பாட்டி. கற்ற எழுத்து அன்றைக்கே சொல்லாகிவிட வேண்டும்.

பெரும்பாலோர் திணறுவது கொம்பில். கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவது மெய். ‘பெட்டி’யை ‘எப…’ என்று தொடங்கும் குழந்தை கவனக்குறைவாகப் படிக்கவில்லை, கண்டதைக் கண்ட வரிசையில் சொல்கிறது. ப அட்டையை முதலில் வையுங்கள். ‘ப், எ, பெ’ என்று சொல்லிக்கொண்டே கொம்பு அட்டையை அதன் இடப்பக்கம் நகர்த்துங்கள். ‘பொ’வுக்கு வலப்பக்கம் துணைக்காலும் சேரும்.

உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது. வடிவ ஒற்றுமை பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று; ஙு, சு, பு, யு, வு இன்னொன்று; ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது.

‘த… ங்… க… ம்’ என்று விட்டுவிட்டுப் படித்தால், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். ககரத்தை வல்லோசையாகவே சொல்வதால் சொல்லும் பிடிபடாது. விரலை எடுக்காமல் இழுத்துப் படிக்கவைத்து, “பேசும்போது இதை எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள். தடுக்கியதும் விடையை எடுத்துக்கொடுக்காமல், மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பல குழந்தைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

பத்திக் குழுவில், 20 சொல்லுக்கு இரண்டுக்கு மேல் தவறு வந்தால் பகுதி கடினம், எளியதைக் கொடுங்கள். பொருத்தமான பகுதியை மூன்று முறை வாசிக்கவையுங்கள். முடிந்ததும் இரண்டு கேள்வி: ஒன்றின் விடை பகுதியிலேயே இருக்கட்டும், மற்றொன்று ‘ஏன் அப்படிச் செய்தாள்?’ போல யோசித்துச் சொல்வதாக இருக்கட்டும். தடையின்றிப் படித்தும் இதற்கு விடை வரவில்லையென்றால், மறுநாள் அதே பகுதியை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, என்ன புரிந்தது என்று குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள்.