புளி போட்டுக் கெடுத்த சதம்

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்தும்போதுதான் நாலு பழைய காசுகள் கிடைத்தன. மெட்டல் டிடெக்டர் எல்லாம் என்னிடம் இல்லை. இங்கே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் புதையல் தோண்டுகிறான் என்று பொலிஸ் வந்துவிடும்!

முதல் காசில்தான் பிழை விட்டேன். குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். செம்பு பளபளவென்று வந்தது; விக்டோரியா ராணியின் முகமும் வருடமும் சேர்ந்து போயின. வருடத்தில் 18 மட்டும் மிச்சம். புளியின் அமிலம் செம்பை அரிக்கும், சாம்பல் சுரண்டும். அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம், "இப்பதான் காசு மாதிரி இருக்கு" என்றார்.

மற்ற மூன்றையும் காப்பாற்றியது பெட்டரித் தண்ணி. அசிட் இல்லை, மேலே ஊற்றுகிற வடித்த தண்ணி. பீலித் தண்ணியில் (மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணி) உப்புகள் இருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. ஒரு யோகட் கோப்பையில் ஊறப்போட்டு, தினமும் தண்ணி மாற்றினேன். ஐந்தாம் நாள் மண் இளகியது. ஈர்க்கு முனையால் மெதுவாகத் தட்டிவிட்டேன். இறுகிப்போன இடத்துக்குத் தையல் மெசின் எண்ணெய், இரண்டு கிழமை. பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றினேன், தேய்க்கவேயில்லை.

ஒன்று பூவிதழ் விளிம்போடு 1944 இரண்டு சதம் (நூறு சதம் ஒரு ரூபாய்). இன்னொன்று சதுர ஐந்து சதம். மூன்றாவது இன்னும் எண்ணெயில் கிடக்கிறது.