பேய்க்கு என்ன வேணுமாம்?

டிவியில் 'காஞ்சனா' (2011) ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் தலையணைக்குப் பின்னால். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அவளுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டாள். பேய்ப்படத்துக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வழி அந்தக் கேள்விதான்.

முதல் தடவை பயப்படுவதற்காகவே பாருங்கள். நாலு பேரோடு, விளக்கை அணைத்துவிட்டு. இரண்டாவது தடவை பகலில், சத்தத்தைக் குறைத்து வைத்து. பின்னணி இசை அடங்கினால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம் ஆச்சியின் கேள்வியைக் கேளுங்கள்.

காஞ்சனா ஒரு திருநங்கை. நிலத்துக்காக அவளைக் கொன்று அந்த நிலத்திலேயே புதைத்துவிடுகிறார்கள். பழிவாங்குவது இருக்கட்டும், அதற்கு முன்னால் அவள் கதையை யாராவது முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டபின் நாயகனே மனமுவந்து தன் உடம்பை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறான். கடைசியில் அவள் ஆசைப்பட்ட ஆஸ்பத்திரியும் எழுகிறது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகின வரிசை. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர், அநியாயமாகச் செத்தவரின் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டு வருவார். கதை உச்சத்துக்கு வரும்போது சாமியாடிக்கு அருள் வரும். படையல் போடுவார்கள். அலைந்து திரிந்த ஆவி பீடத்தில் அமர்ந்து தெய்வமாகிவிடும். அங்கே கும்பிடும் இசக்கியம்மன் கதையும் நம்பவைத்துக் கொல்லப்பட்ட பெண்ணின் கதைதான். வாயில் ஒரு பிள்ளையைக் கடித்தபடி சிலையாக நிற்கிறாளே, அவளிடம்தான் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததே இல்லை.

ஆகவே மந்திரவாதி வரும் காட்சியை ஓட்டிவிடாதீர்கள். அவர் விரட்டுகிறாரா, பேச்சுக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். 'சந்திரமுகி'யில் (2005) இது மனநோய் என்று சொன்ன டாக்டரே கடைசியில் சந்திரமுகியைக் கொன்ற ராஜா வேட்டையனின் வேஷம் போட்டு நிற்கிறார். அவருக்குப் பதில் ஒரு பொம்மை எரிகிறது, அவள் கணக்குத் தீர்கிறது. மருத்துவம் என்று பேர், நடந்தது சடங்கு. வெறும் சிரிப்புப் பேய்ப்படங்களில் இதையெல்லாம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டுப் படம் என்றால், முதலில் அந்த ஊர்ப் பழங்கதை ஒன்றாவது தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானின் 'ரிங்கு'வில் (1998) கிணற்றிலிருந்து வரும் பேய் சடாகோவுக்கு வெள்ளை உடை ஏன்? அங்கே பிணத்துக்கு உடுத்துவது வெள்ளை. கிணறு ஏன்? தட்டு ஒன்று குறைந்ததற்காகக் கொல்லப்பட்டு, கிணற்றுக்குள்ளிருந்து தட்டுகளை எண்ணும் வேலைக்காரி ஒகிகுவின் கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். ஹிமேஜி கோட்டையில் அவளுடைய கிணறு என்றே ஒன்றைக் காட்டுகிறார்கள்.

இந்தப் படத்தில்தான் நான் ஏமாந்தேன். கிணற்றில் சடாகோவின் எலும்பை எடுத்தாயிற்று, நாயகி அதைக் கட்டிப்பிடித்தும் ஆயிற்று, சரி, எல்லாம் முடிந்தது என்று டீ போட எழுந்துவிட்டேன். நம்மூர்க் கணக்கு! மறுநாளே இன்னொருவன் சாகிறான். பார்த்தவரை ஏழு நாளில் சாகடிக்கும் சடாகோவின் வீடியோ காஸெட்டை நகலெடுத்து அடுத்தவருக்குக் காட்டியதால்தான் நாயகி பிழைத்தாள் என்று பிறகு தெரிகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆச்சியிடம் இந்த முடிவைச் சொன்னேன். அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "அவ கதைய அடுத்த ஆளுக்குக் கொண்டுபோவணும், அவ்வளவுதானே? நாமளும் வருஷா வருஷம் பாடத்தானே செய்யோம்" என்றாள்.

கதையைத்தான் சொன்னேன். படத்தை அவளுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.