அடியைத் திருப்பிப் பாருங்க: பழைய கல்கத்தா பொம்மைக் காரை அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி

டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ்னு இங்கிலாந்து பொம்மைக் கார் பிராண்டுங்க பத்தியெல்லாம் எழுத ஆயிரம் பேரு இருக்காங்க, நான் அந்தப் பக்கம் போகல. இது நிக்கி, மில்டன், மேக்ஸ்வெல்னு ஒரு காலத்துல கல்கத்தால இருந்து வந்த டை காஸ்ட், அதாவது உலோகத்தை உருக்கி அச்சுல ஊத்திப் பண்ணின வண்டிங்களுக்கு. காயலாங்கடைலயோ பாட்டி வீட்டுப் பரண்லயோ ஒண்ணு கிடைச்சா அது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, அவ்ளோதான் விஷயம். மூணு வருஷம் முன்னாடி ஒரு மினி பஸ்ஸை டூப்ளிகேட்னு நெனச்சு 400 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன், அந்த வயித்தெரிச்சல்லதான் இத எழுத ஆரம்பிச்சதே.

வேணுங்கிற சாமான்

நகைக்கடைல கண்ணுல வச்சுப் பாப்பாங்களே அந்த 10 மடங்கு லென்ஸ், ஒரு சின்ன காந்தம், ஒரு டார்ச், மில்லிமீட்டர்ல அளக்க வெர்னியர். வெர்னியர் பிளாஸ்டிக்ல வாங்குங்க, ஸ்டீல் வெர்னியர் பெயின்டைக் கீறிடும், டிஜிட்டல்லாம் தேவையே இல்ல. போன்ல ஜூம் பண்ணிப் பாத்துக்கறேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, போன் கேமரா தானே ஷார்ப் பண்ணி இல்லாத கோட்டையும் காட்டும், லென்ஸே வாங்கிடுங்க.

கைக்கு வந்த உடனே கழுவாதீங்க. தின்னர், பிராஸோ, துரு எடுக்கற ஸ்ப்ரே எதுவும் கிட்டயே வரக்கூடாது. காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தூசிய மட்டும் தட்டுங்க, அழுக்குலயும் தகவல் இருக்கு, கீழ சொல்றேன்.

காந்தம்

கூரை மேல காந்தத்தை வைங்க. ஒட்டலைன்னா துத்தநாகக் கலவை, அதாவது டை காஸ்ட், இல்லாட்டி பிளாஸ்டிக். கைல வெயிட்டும் சில்லுனு இருக்கறதும் எதுன்னு சொல்லிடும். ஒட்டுச்சுன்னா தகரம், அது வேற உலகம்.

அடியைப் படிக்கிறது (நான் கோட்டை விட்ட இடம்)

முதல்ல ஒரு கதை. டை காஸ்ட் பொம்மைல செலவே அந்த அச்சுலதான். ஸ்டீல்ல வெட்டின அச்சு, ஒரு தடவ பண்ணிட்டா ஆயிரக்கணக்குல ஊத்தலாம். ஒரு மாடல் பழசாகி விக்காமப் போனா கம்பெனி அந்த அச்சைத் தூக்கி இன்னொரு நாட்டுக்காரனுக்கு வித்துடும். லிவர்பூல்ல பின்ஸ் ரோடு ஃபேக்டரில டிங்கி பண்ணின மெக்கானோ கம்பெனி அப்படித்தான் 1960-கள் கடைசில தன்னோட பழைய அச்சுங்களைக் கல்கத்தாவுக்குக் குடுத்தாங்க, இங்க அடாம்கோங்கிற கம்பெனி அதுல ஊத்தி நிக்கின்னு பேர் போட்டு வித்தாங்க. அப்ப நம்ம நாட்டுல வெளிநாட்டுப் பொம்மை இறக்குமதி பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதனால இதுக்கு மார்க்கெட் இருந்துச்சு. பெயரைப் பாருங்க, டிங்கி நிக்கி. அச்சுல நெறைய மாத்த வேண்டாம்னு யோசிச்சிருப்பாங்கன்னு என் நெனப்பு.

இப்ப என் மினி பஸ். அடில லென்ஸ் வச்சுப் பாத்தேன், பேர் இருக்கற இடம் சொரசொரன்னு இருக்கு, யாரோ அரத்தால ராவின மாதிரி, பக்கத்துல மேட் இன் இந்தியா. பெயின்ட் வேற கெட்டியா, ஓரத்துல எல்லாம் வழிஞ்சு. எனக்கு அதைக் குடுத்த வியாபாரி டிங்கின்னு சத்தியம் பண்ணியிருந்தாரு. சரி, எவனோ டிங்கியப் பாத்து காப்பி அடிச்சு பேரை மறைச்சிருக்கான், ஏமாந்துட்டேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆனா அந்தச் சொரசொரப்புதான் அது நிக்கிங்கறதுக்கு அடையாளமே! டிங்கிங்கற பேரை அச்சுலயே அழிச்சிட்டு ஊத்தினா அப்படித்தான் வரும்.

இன்னும் வயிறு எரியற விஷயம், அது ஸ்டாண்டர்ட் 20 மினி பஸ். இங்கிலாந்துல அட்லஸ்னு ஓடின வேனை நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரில ஸ்டாண்டர்ட் 20-ன்னு பண்ணாங்க. டிங்கில அட்லஸ் பஸ்ஸா இருந்ததை நிக்கிக்காரன் பேரை மாத்தி நம்ம ஊர் வண்டியாவே ஆக்கிட்டான். மெட்ராஸ் வண்டி, லிவர்பூல் அச்சு, கல்கத்தா பொம்மை, அதப்போய் 400 ரூபாய்க்கு.

சரி, எப்படிப் படிக்கிறது. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வச்சு பக்கவாட்டுல அடிங்க, அழிஞ்ச எழுத்தோட நிழல் விழும். அப்பவும் தெரியலைன்னா மெல்லிசு பட்டர் பேப்பரை அடில வச்சு அழுத்திப் பிடிச்சு 4பி பென்சிலைச் சாய்ச்சு லேசாத் தேய்ங்க. சின்ன வயசுல காசு மேல பேப்பர் வச்சுத் தேய்ப்போமே அதேதான். பாதி எழுத்து வந்தாலே போதும், மீதிய மாடல் நம்பரை வச்சுத் தேடிக்கலாம். கவனிங்க, ராவின தடம் உலோகத்தோட ஒண்ணா, அதே மங்கலோட இருந்தா அச்சுல இருந்தே வந்தது. பளபளன்னு புதுசா, உள்ள அழுக்கே இல்லாம இருந்தா நேத்து யாரோ ராவினது. அழுக்குலயும் தகவல் இருக்குன்னு சொன்னது இதுக்குத்தான்.

மில்டன் வண்டிங்க பலதும் பாக்க கார்கி மாதிரியே இருக்கும், அடில பேரைப் பாக்காம கார்கின்னு காசு குடுத்துடாதீங்க. லியோன்னு பேர் போட்ட ஹாட் வீல்ஸ் 1980-கள் சரக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ரிவெட்

அடித்தகடு உடம்போட சேர்ற இடத்துல ரெண்டு குமிழ் இருக்கும். உடம்புல இருந்தே நீட்டிட்டு வர்ற கம்பியத் தகட்டு ஓட்டைல விட்டு நசுக்கினது அது. பெரும்பாலும் பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம்தான் நசுக்குவாங்க, அதனால குமிழ் தலைல வெறும் உலோகம் தெரியணும். தலை மேல பெயின்ட் இருந்தா மறுபடி அடிச்சிருக்காங்க. துளை போட்டு ஸ்க்ரூ மாட்டியிருந்தாலோ பசை தெரிஞ்சாலோ கழட்டி மாட்டினது, அப்ப அடித்தகடே வேற வண்டியோடதா இருக்கலாம். மேல சொன்ன அடியைப் படிக்கிற வேலை மொத்தமும் வீணாப் போறது இங்கதான், அதனால ரிவெட்டைப் பாக்காம அடில எழுதியிருக்கறத நம்பாதீங்க.

வயசு

பொதுவா சொல்ற கணக்கு இதான். கண்ணாடி ஜன்னலோட வந்த கார்னு கார்கி 1956-ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் எல்லாரும் போட்டாங்க. ஸ்பிரிங் சஸ்பென்ஷன் 1959 வாக்குல. மெல்லிசு அச்சாணில வேகமா ஓடற சக்கரம்னா ஹாட் வீல்ஸ் 1968-ல கொண்டுவந்தது, மேட்ச்பாக்ஸ் அதைப் பாத்து 1969-ல சூப்பர்ஃபாஸ்ட்னு விட்டாங்க. ஆனா நம்ம கல்கத்தா வண்டிங்களுக்கு இந்தக் கணக்கு பாதிதான் செல்லும். அச்சு வயசு வேற, பொம்மை வயசு வேற. உடம்பு 1960-னு சொல்லும், அது ஊத்தினது பத்து வருஷம் கழிச்சு இருக்கும். அதனால இதுக்கு முன்னாடி இருக்க முடியாதுங்கற அளவுக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

ஸ்கேல், அதாவது நிஜ வண்டில எத்தனைல ஒரு பங்குன்னு வேணும்னா, நிஜ வண்டியோட வீல்பேஸை (முன் அச்சாணிக்கும் பின் அச்சாணிக்கும் நடுவுல இருக்கற தூரம்) பொம்மையோட வீல்பேஸால வகுங்க. ஆம்பாசடர் 2464 மில்லிமீட்டர், பொம்மைல 57 வந்தா 1:43, 41 வந்தா 1:60. முழு நீளத்தை வச்சுப் போடாதீங்க, பம்பர் வளைஞ்சிருந்தா கணக்கு தப்பும்.

பின்னாடி சேர்த்தது

காந்தம் ஒட்டுது, அப்ப போலியான்னு மூணு பேரு கேட்டுட்டாங்க. அடில வச்சுப் பாத்திருக்கீங்க. அடித்தகடு தகரமா இருக்கும், அச்சாணி ஸ்டீல், ஒட்டத்தான் செய்யும். கூரைல வைங்கப்பா.

உடம்புல முடி மாதிரி விரிசல், பெயின்ட் கொப்புளம், பானெட் வளைஞ்சு தூக்கிட்டு இருக்குன்னு ஒருத்தர் படம் அனுப்பினாரு. அது துத்தநாகத்துல ஈயம் மாதிரி கசடு கலந்ததால உள்ளுக்குள்ளயே அரிக்கிறது, இரண்டாம் உலகப்போருக்கு முந்தின பொம்மைங்கள்ல ஜாஸ்தி. மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்கு ஒட்டிக்கும்னு சொல்றது கட்டுக்கதை. ஈரம் படாம வச்சா கொஞ்சம் மெதுவாகும், சென்னைல இருக்கறவங்க சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. பிவிசி கவர்ல மட்டும் வைக்காதீங்க, டயரும் கவரும் ஒண்ணோட ஒண்ணு இளகி ஒட்டிக்கும், எனக்கு ஒரு ஜாகுவார் போச்சு.

குழந்தை கைல விளையாடக் குடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதுங்க நேரா வாய்லதான் வைக்கும். அதுக்குன்னு கடைல சென்டி ஆம்பாசடர் பிளாஸ்டிக்ல இருக்கு, பின்னாடி இழுத்து விட்டா ஓடும்.

கடைசியா பெட்டி. பெட்டியோட வந்தா விலை ஏத்திச் சொல்லுவாங்க, ஆனா பெட்டிய இப்பப் புதுசா அச்சடிக்கிறாங்க. மடிப்பு ஓரத்துல, அட்டை வெட்டின இடத்துல லென்ஸ் வைங்க. பழைய அட்டை உள்வரைக்கும் பழுப்பேறியிருக்கும். வெளில மஞ்சளா உள்ள பளிச்சுனு வெள்ளையா இருந்தா வண்டிக்கு மட்டும் விலை பேசுங்க.